யானையும் ஆயிரம் பொன்னும்

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதில், லிங்கநகரில் உள்ள நம் இல்லத்துக்கு இளைஞர் நால்வர் வந்திருந்தனர். அயலிலுள்ள ஒரு கிரிக்கெட் கழகத்தைச் சேர்ந்தவர்கள். கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். வழக்குத் தீருமுன் கட்சிக்காரரின் பெயரை ஊருக்குச் சொல்வது முறையன்று. திண்ணையில் அமர்ந்ததுமே, “ஐயா, எங்களுக்குள் பிணக்கு வந்துவிட்டது. நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்” என்றனர்.

பிணக்கு இதுதான். நகரின் மற்றொரு கழகத்தில் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருக்கிறார். வயது 37. ஏகாம்பரம் மைதானத்தில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவதைக் காண்பதற்கென்றே வேலியோரம் கூடி நின்ற காலம் ஒன்று உண்டு. இப்போது அவருடைய வலது முழங்கால் அடிக்கடி வீங்குகிறது. சென்ற பருவத்தில் பாதி ஆட்டங்களுக்கு மேல் அவர் வேலிக்கு வெளியேதான் நின்றார். அவரை விட்டுக்கொடுக்க அந்தக் கழகம் ஆயத்தம். ஆனால் மாற்றாக, நம் இளைஞர்களின் அணியிலுள்ள 19 வயதுச் சகலதுறை வீரன் ஒருவனைக் கேட்கிறது. கொடுக்கலாம் என்போர் இருவர். கூடாது என்போர் இருவர்.

பேச்சு சூடு பிடித்ததும், உள்ளே கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்த நம் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தேநீர் கொண்டுவந்த இல்லத்தரசியாரும் நின்று கேட்டார். “அவசரத்தில் சொல்லும் தீர்ப்பு அரைத் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் பதில் சொல்கிறோம், தம்பிமாரே” என்று அவர்களை அனுப்பி வைத்தோம். அந்தக் கடனையே இன்று தீர்க்க முற்படுகிறோம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவர் வாக்கு. கொடுக்கலாம் என்ற இருவரும் அன்று இதைத்தான் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் நோயுற்ற யானையைப் பற்றி இந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் தீனியும் போடவேண்டும், வைத்தியமும் பார்க்கவேண்டும், தேருக்கு வேறு யானையும் தேடவேண்டும். ஆகவே பழமொழியை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் நாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, காலியைச் சேர்ந்த லசித் மாலிங்கவின் கதை. 2008ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது மும்பை இந்தியன்ஸ் அணி அவரை ஏலத்தில் எடுத்தது. எடுத்த ஆண்டிலேயே முழங்கால் காயத்தால் அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. விலை கொடுத்து வாங்கிய பண்டம் வீட்டுக்கே வரவில்லை என்று அந்த அணி சலித்துக்கொண்டிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவர்கள் பொறுத்திருந்தார்கள். 2009 முதல் அவர் அந்த அணியின் முதன்மைப் பந்துவீச்சாளராக விளங்கினார். 2011இல் முழங்காலைக் காக்கவேண்டி டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 2016இல் முழங்கால் மீண்டும் தொல்லை தர, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். 2018ஆம் ஆண்டு ஏலத்திலோ அவரை எடுக்க எவருமே முன்வரவில்லை. அப்போது மும்பை அணி ஒரு நல்ல காரியம் செய்தது. பந்து வீசாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் பந்துவீச்சாளர்களுக்கு வழிகாட்டியாக இரும் என்று அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு இறுதியில் நடந்த ஏலத்தில், 2 கோடி இந்திய ரூபாவுக்கு அவரை மறுபடியும் வீரராகவே வாங்கியது. இத்தகைய நட்சத்திரத்துக்கு அது பெரிய விலையன்று.

2019 மே 12ஆம் திகதி ஐதராபாத்தில் இறுதி ஆட்டம். எதிரணி சென்னை சூப்பர் கிங்ஸ். மாலிங்க வீசிய முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் போய்விட்டன. ‘கிழட்டுக் குதிரையை நம்பிக் கெட்டார்கள்’ என்று அந்த வேளையில் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார்களோ! கடைசி ஓவரில் சென்னைக்கு வேண்டியது 9 ஓட்டங்கள். அணித்தலைவர் ரோகித் சர்மா பந்தை மாலிங்கவின் கையிலேயே கொடுத்தார். நான்காவது பந்தில், 80 ஓட்டங்கள் குவித்திருந்த ஷேன் வொட்சன் ஓடி ஆட்டமிழந்தார். கடைசிப் பந்தில் வேண்டியது 2 ஓட்டங்கள். வேகங்குறைந்த அந்தப் பந்து சர்துல் தாக்கூரின் காலில் பட்டது. நடுவரின் விரல் உயர்ந்தது. ஒரே ஓட்டத்தால் கிண்ணம் மும்பைக்குப் போயிற்று.

இந்தக் கதையைக் கேட்டு, ‘ஆகவே மூத்தவரை உடனே வாங்குங்கள்’ என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். தாக்கூர் அந்தப் பந்தைத் தட்டி இரண்டு ஓட்டங்கள் ஓடியிருந்தால், அதே மாலிங்க, அதே முழங்கால், ஆனால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். முடிவைக் கொண்டு யோசனையை அளப்பது தவறு. யோசனை சரியானதா என்பதற்கு வேறு சான்று வேண்டும். அந்த ஆட்டத்தில் ஜஸ்பிரித் பும்ரா 4 ஓவர்களில் 14 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 2 விக்கெட்டுகளை வீழ்த்தினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதாவது, மும்பை அணி முழுப் பாரத்தையும் மாலிங்கவின் முழங்காலில் ஏற்றவில்லை. வாங்கிய விலை சிறிது. வாங்கியவர்கள் அந்த உடம்பைப் பத்தாண்டுக்கு மேல் அறிந்தவர்கள். அவர் இல்லாத நாளிலும் அணி நிற்கும்படி வேறு தூண்கள் இருந்தன. இந்த மூன்றும் கூடியதனால்தான் அது நல்ல யோசனை.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருங்கியது. 2011 உலகக் கிண்ணத்தில் முத்தையா முரளிதரனுக்கு 38 வயது. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் என்ற சிகரத்தை முந்திய ஆண்டே காலியில் தொட்டு விடைபெற்றிருந்தார். உடலில் காயங்களுடனேயே அவர் அந்தத் தொடரின் கடைசி ஆட்டங்களில் இறங்கினார். கொழும்பில் நடந்த அரையிறுதியில், தாய்மண்ணில் தாம் வீசிய கடைசிப் பந்தில் ஸ்கொட் ஸ்டைரிஸை ஆட்டமிழக்கச் செய்தார். கண்ணீர் விடாத தமிழ் வீடு அன்று உண்டோ? ஆனால் ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் 8 ஓவர்கள் வீசி 39 ஓட்டங்கள் கொடுத்தார். விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று ரங்கன ஹேரத்தும் அஜந்த மெண்டிசும் வெளியே அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆடியிருந்தால் இலங்கை வென்றிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. முரளியை விலக்கியிருந்தால் நாமே முதலில் கொதித்தெழுந்திருப்போம் என்பதும் மெய். ஆயினும், அன்பு ஒரு பக்கம், ஆட்டக்கணக்கு ஒரு பக்கம் என்பதை அந்த இரவு நமக்குக் கற்பித்தது.

இனி, உடல்நூல் என்ன சொல்கிறது? மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில், அவருடைய உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை அந்தக் காலில் இறங்குகிறது. ஓர் ஓவரில் ஆறு முறை. பத்து ஓவரில் அறுபது முறை. முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனையைப் போர்த்திருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆகவே தேய்ந்தது எளிதில் மறுபடி வளர்வதில்லை. தொடையின் பின்தசை கிழிந்தால் ஆறும். ஆனால் ஒருமுறை கிழிந்த தசை மறுபடியும் கிழிவதற்கு வாய்ப்பு அதிகம். எனவே ஒரு மூத்த வீரரை விலை பேசும்போது, ‘எத்தனை விக்கெட் எடுத்தார்’ என்ற கேள்வி இரண்டாவதாக வரவேண்டும். ‘கடந்த ஈராண்டில் எத்தனை நாள் ஆட முடியாமல் இருந்தார், எதனால்?’ என்பதே முதற்கேள்வி.

கனடாவில் வாழும் நம் உறவினர் வீடுகளில் பனிக்கட்டி ஹொக்கி பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த வாதம் புதிதன்று. அங்கே அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது வழக்கம். அதற்கெனக் கெடுநாளும் உண்டு. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் காயம்பட்ட மூத்த நட்சத்திரத்தை வாங்கலாமா என்ற இதே கேள்வி எழுகிறது. ஆனால் ஹொக்கியில், புல்தரையிலும் சரி பனியிலும் சரி, ஆட்டத்தின் நடுவே வீரரை எத்தனை முறையும் வெளியே அழைத்து மறுபடி இறக்கலாம். மூத்தவரைச் சில நிமிடங்கள் மட்டும் ஆடவைத்துக் காப்பாற்ற வழியுண்டு. கிரிக்கெட்டில் பதினொருவரில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், அவர் வீசவேண்டிய மீதி ஓவர்களை மற்றவர்களே சுமக்கவேண்டும்.

நம் பிள்ளைகள் அன்று போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பருவத்துக்குப் பத்து ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் நான்கில் ஆடுவார், ஆட்டத்துக்கு 3 விக்கெட், ஆக 12. இளையவன் பத்திலும் ஆடுவான். ஆட்டத்துக்கு ஒன்றரை விக்கெட் என்றாலும் 15. அதோடு துடுப்பால் எடுக்கும் ஓட்டங்கள் வேறு. ‘ஆனால் இறுதி ஆட்டத்தில் எடுக்கும் விக்கெட்டும், முதல் ஆட்டத்தில் எடுக்கும் விக்கெட்டும் ஒன்றா?’ என்று மூத்த மகன் கேட்டான். நல்ல கேள்வி. ஒன்றல்ல. ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் இறுதி ஆட்டமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு முழங்கால் உறுதி எழுதித் தருமா? மற்ற ஆறு ஆட்டங்களுக்கு ஆள் எங்கே? அந்த ஆளைத்தானே மாற்றாகக் கொடுக்கப் பார்க்கிறார்கள்! தோணியைக் கொடுத்துத் துடுப்பை வாங்கிய கதையாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் பிறகு இல்லத்தரசியார் கேட்ட கேள்விதான் நம்மை உறங்கவிடாமற் செய்தது. “கால் போனால் அந்த மனிதர் வேலைக்கு எப்படிப் போவார்?” என்றார். அவர் துறைமுகத்தில் உடல் உழைப்பால் பிழைப்பவர். பெரிய அணிகளில் ஆடுவோருக்கு வைத்தியரும் உண்டு, பயிற்சியாளரும் உண்டு, ஓய்வில் இருந்தாலும் ஊதியமும் உண்டு. நம் நண்பருக்கு இருப்பது மனைவி வைக்கும் ஒத்தடம் ஒன்றே. கிண்ணத்துக்காக அவருடைய காலைப் பணயம் வைக்கும் உரிமை கழகத்துக்கு இல்லை. நால்வரில் ஒருவர்கூட அன்று இதைப் பற்றிப் பேசவில்லை. நாமும் பேசவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே நம் தீர்ப்பு இது. மூத்தவரை அழையுங்கள், ஆனால் இளையவனை மாற்றாகக் கொடுக்க வேண்டாம். முதலில் வைத்தியரிடம் காலைக் காட்டுங்கள். அந்தச் செலவு கழகத்தினுடையதாக இருக்கட்டும். வைத்தியர் வேண்டாம் என்றால், 2018இல் மும்பை அணி செய்ததுபோல் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடலாம் என்றால், எத்தனை ஓவர் என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிடுங்கள். மற்றக் கழகம் இளையவனைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கைகூப்பி விடைபெற்று வாருங்கள்.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில் அந்த மூத்தவரையே கடைத்தெருவில் கண்டோம். பேச்செல்லாம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “ஐயா, நாலு ஓவர் நன்றாகப் போடுவேன். ஐந்தாவது ஓவரைக் கேட்கவேண்டாம் என்று பொடியன்களிடம் சொல்லிவிடுங்கள்” என்றார் சிரித்துக்கொண்டே. தம் அளவைத் தாமே அறிந்து, அதை மறைக்காமற் சொல்லும் வீரர் எந்த அணிக்கும் வேண்டியவரே. அவர் கேளாத ஐந்தாவது ஓவரைக் கேட்காதிருப்பது இனி இளைஞர்களின் பொறுப்பு.