எம்.பி.ஏ. பட்டம்: போட்ட பணம் திரும்புமா?

காலை வேளையில் ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டில் நின்று பார்த்தால், அரியலூர் பஸ்ஸும் கும்பகோணம் பஸ்ஸும் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பி வழிவதைக் காணலாம். இவர்களில் பலர் தறி நெய்கிறவர்களின் பிள்ளைகள். முந்திரித் தோப்பையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழ்கிறவர்களின் பிள்ளைகள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் உண்டு. பி.காம்., பி.பி.ஏ., பி.இ. என்று ஏதேனும் ஒரு பட்டம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்தாற்போல் எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடலாமா?"

"சேர்த்துவிடுங்கள், மானேஜர் ஆகிவிடுவான்" என்பார் ஒருவர். "எம்.பி.ஏ. படித்தவன் செல்போன் கடையில் நிற்கிறானே!" என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கக்கூடாது.

பட்டம் வந்த வழி

நிர்வாகக் கலைக்கென்று தனிப் பட்டம் ஏற்பட்டது அமெரிக்காவில். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908-ல் இதற்கான பள்ளியைத் தொடங்கியது. ரெயில்வேக்களும் பெரும் ஆலைகளும் பெருகிவிட்ட காலம் அது. முதலாளி ஒருவரே எல்லாவற்றையும் மேற்பார்க்க முடியாமற்போன நிலையில், கணக்கும் கொள்முதலும் ஆட்களை நடத்தும் முறையும் அறிந்த அதிகாரிகள் தேவைப்பட்டார்கள்.

நமது நாட்டிலும் தேவையை ஒட்டியே இப்படிப்பு வந்தது. அரசுத் துறையில் உருக்காலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் எழுந்த வேளையில், 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன. நம் பக்கத்தில் திருச்சியில் 1984-ல் பாரதிதாசன் மேலாண்மைக் கழகம், பெல் தொழிற்சாலை வளாகத்திலேயே தொடங்கப்பட்டது. 2011-ல் மத்திய அரசின் மேலாண்மைக் கழகம் ஒன்றும் திருச்சிக்கு வந்தது.

அந்நாளில் இடங்கள் சில, உத்தியோகங்கள் பல. 1991-க்குப் பிறகு பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. தனியார் கம்பெனிகள் பெருகின. எம்.பி.ஏ.வுக்கு மவுசு ஏறியது. மவுசு ஏறியதும் கல்லூரிகளும் பெருகின. பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் தங்கள் வளாகத்தில் நிர்வாகத் துறை ஒன்றைத் திறந்தன. பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தது. அதன் விலைதான் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஒரே பெயர், இரு மதிப்பு

தொழில் வர்த்தக சங்கமான அசோசாம் 2016-ல் வெளியிட்ட கருத்து அப்போது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. நாட்டில் உள்ள சுமார் 5,500 நிர்வாகக் கல்லூரிகளில், முன்னணியில் நிற்கும் சிலவற்றை நீக்கிவிட்டால், எஞ்சியவற்றில் படித்து வெளிவருவோரில் 100-க்கு 7 பேரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்றும், பலர் மாதம் 10,000 ரூபாய்க்கும் குறைவான சம்பளத்துக்கே போகிறார்கள் என்றும் அது கூறிற்று. கணக்கில் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் சங்கமே இப்படிச் சொன்னது என்பதை மறந்துவிடலாகாது.

முன்னணிக் கழகங்களுக்குக் கம்பெனிகள் தாமாகத் தேடி வருகின்றன. அங்கே பாடத்தின் பெருமை ஒரு பங்கென்றால், கடினமான தேர்வில் வடிகட்டி எடுக்கப்பட்ட மாணவர் என்ற முத்திரையும் ஒரு பங்கு. திருச்சி மேலாண்மைக் கழகத்தில் இரண்டு வருஷப் படிப்புக்குச் சுமார் 20 லட்சம் ரூபாய் செலவாகும். தொகை மலைக்க வைப்பதுதான். எனினும் அங்கே இடம் கிடைத்தவருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவதில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே நுழைவதற்குரிய 'கேட்' தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பது. தமிழ் வழியில் படித்து வந்த உடையார்பாளையத்து மாணவன், கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தும், ஆங்கிலப் பகுதியில் சறுக்குகிறான். எம்.பி.ஏ. வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை, பட்டப்படிப்பின் முதல் வருஷத்திலேயே ஆங்கில வாசிப்பைத் தொடங்குவது நல்லது. இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நூலகமும் விடாமுயற்சியும் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாதாரணக் கல்லூரி ஒன்றில் சேரும் மாணவனை எடுத்துக்கொள்வோம். சம்பளம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். ஆனால் பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். நூற்றுக்கு 10 வட்டியில், 7 வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 7 லட்சம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதற்கு மேல்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. அதே பிள்ளை மாதம் 15,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால், அந்த இரண்டு வருஷத்தில் 3,60,000 ரூபாய் சம்பாதித்திருப்பான். ஆக, பட்டத்தின் உண்மையான விலை பத்தரை லட்சம்!

இனி வரவு. வேலைக்குப் போன தோழன் இரண்டு வருஷ அநுபவத்தோடு 18,000 வாங்குகிறான், எம்.பி.ஏ. முடித்தவன் 20,000-த்தில் சேருகிறான் என்றால், பட்டம் தேடித்தந்தது மாதம் 2,000. கட்ட வேண்டிய தவணையோ 8,300. பாக்கிக்குத் தகப்பனார் தறியில் உட்கார வேண்டியதுதான். சேரும் சம்பளம் 35,000 என்றால் கதை வேறு. தவணை போகக் கையில் நிற்கும் உபரி, இழந்த சம்பளத்தை மூன்றரை வருஷத்தில் ஈடுகட்டிவிடும். ஆகவே எந்தக் கல்லூரி, அங்கிருந்து என்ன சம்பளத்தில் வெளியேறுகிறார்கள் என்பதே இதில் முதற்கேள்வி.

எப்போது படிப்பது?

நிர்வாகம் என்பது நீச்சலைப் போன்றது; கரையில் நின்று கற்க முடியாது. கோயம்புத்தூரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற நிர்வாக அறிஞர் சி.கே. பிரகலாத், சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்தார். உடனே மேற்படிப்புக்கு ஓடவில்லை. யூனியன் கார்பைடு ஆலையில் நான்கு வருஷம் வேலை பார்த்த பிறகே ஆமதாபாத் கழகத்தில் சேர்ந்தார். ஆலையில் பார்த்த சிக்கல்கள் மனதில் இருந்தால்தான் வகுப்பில் சொல்லும் விடை பதியும்.

கனடா நாட்டுப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-ல் ஒரு நூலே எழுதி இதை வாதாடினார். அநுபவமில்லாத இளைஞருக்கு நிர்வாகம் கற்பிப்பது பயனற்றது என்பது அவருடைய அபிப்பிராயம். இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்தவரைக் கம்பெனிகளும் நேர்முகத்தில் வேறு கண்ணோடு பார்க்கின்றன.

உள்ளூரில் என்ன இருக்கிறது?

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அரசின் டான்செம் முதல் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் வரை சிமெண்ட் ஆலைகள் இங்கே இயங்குகின்றன. ஜெயங்கொண்டம் சிப்காட் தொழிற்பூங்காவில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்றின் ஆலைக்கு 2024 நவம்பர் 15-ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 1,000 கோடி ரூபாய். 15,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஆலைகள் பட்டத்தைப் பார்த்து முதல் நாளே மானேஜர் நாற்காலி போடுவதில்லை. மேற்பார்வையாளர், தரம் சோதிப்பவர், கிடங்குக் கணக்கர், சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் ஆகியோரே அதிகம் தேவை. இப்படி ஓர் இடத்தில் நுழைந்து நாலைந்து வருஷம் தொழில் பழகிய பின், பதவி உயர்வுக்கு எம்.பி.ஏ. இல்லாதது தடையாக நின்றால், அப்போது தொலைநிலையிலோ பகுதி நேரமாகவோ படிக்கலாம். சம்பளமும் நிற்காது, கடனும் ஏறாது. சேரும் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அந்த வருஷத்துக்கு உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலணி ஆலைகளில் வேலைக்கு வருவோரில் பெண்களே அதிகம். ஆகவே அவர்களை நடத்திச் செல்லும் மேற்பார்வைப் பதவிகளுக்கும் பெண்கள் வர வேண்டும். "பையனுக்கு எம்.பி.ஏ., பெண்ணுக்குக் கல்யாணம்" என்று கணக்குப் போடும் வீடுகள் இதை யோசிப்பது நல்லது.

சேருமுன் கேட்க வேண்டியவை

கல்லூரி வாசலில் தொங்கும் பெரிய படத்தில் ஒரே ஒரு மாணவனின் உயர்ந்த சம்பளம் இருக்கும். அதைக் கேட்க வேண்டாம். சென்ற வருஷம் படித்த அத்தனை பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவனுக்கு என்ன சம்பளம், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை, வந்த கம்பெனிகள் கொடுத்தது நிர்வாக வேலையா, வீடு வீடாகப் போய் இன்ஷூரன்ஸ் விற்கும் வேலையா என்று கேட்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் முடித்த நாலு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுவது எல்லாவற்றிலும் நல்லது. பதில் சொல்லத் தயங்கும் கல்லூரிக்குப் பணம் கட்டவும் தயங்கத்தான் வேண்டும்.

ஜெயங்கொண்டத்துக் குடியானவர்களுக்கு வாக்குறுதியின் விலை தெரியாததல்ல. பழுப்பு நிலக்கரி அனல் மின்நிலையம் வரும் என்று 1990-களில் இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. மின்நிலையம் எழும்பவில்லை, நஷ்ட ஈட்டுக்காக வழக்குகள்தான் வருஷக்கணக்கில் நடந்தன. அன்று நிலத்தை எடுத்தது சர்க்கார்; மறுக்க வழியில்லை. இன்று கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது பெற்றோரின் சொந்தக் கை. நல்ல கழகத்தில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது சேர்க்கலாம். கிடைக்காவிட்டால், முதலில் வேலை, பிறகு பட்டம் என்ற வழி இருக்கவே இருக்கிறது.