501-வது யூனிட்



கோடையில் கரண்ட் பில் வந்ததும் நம் வீடுகளில் ஒரு விசாரணை நடக்கும். விடிய விடிய ஏ.சி.யை ஓடவிட்டது யார்? ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததே, அது யார் வேலை? குற்றவாளி கடைசிவரை அகப்பட மாட்டார். தண்டனையை மட்டும் அம்மா ஏற்றுக்கொள்வார். அடுத்த ஒரு வாரத்துக்குப் பகலெல்லாம் ஃபேனை நிறுத்திவிட்டுப் புழுக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்.

அந்த பில்லை நாம் யாராவது நிதானமாகப் படித்திருக்கிறோமா?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதிக் கட்டணத்தை அரசே மானியமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால், மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அந்த இரண்டாவது 100-க்கான மானியம் போய்விடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். 500-ல் நிறுத்திய வீட்டுக்கும் 501-க்குப் போன வீட்டுக்கும் பில்லில் ஏறக்குறைய 250 ரூபாய் வித்தியாசம் வரும். கூடுதலாக எரிந்தது ஒரே ஒரு யூனிட்!

இதைத் தெரிந்துகொண்டவர்கள் புழுக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. ரீடிங் எடுக்க ஆள் வந்து போன தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரை எட்டிப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். கே.டபிள்யூ.ஹெச் என்று காட்டும்போது வருகிற எண்தான் நமக்கு வேண்டியது. அது போன ரீடிங்கைவிட 250-க்கு மேல் கூடியிருந்தால் அடுத்த மாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். 180 என்றால் தாராளமாக ஃபேனைப் போட்டுக்கொண்டே வெங்காயம் உரிக்கலாம்.

எப்போதும் 500-ஐ ஒட்டியே பில் வருகிறதா? அப்படியானால் சீலிங் ஃபேன்களைக் கவனியுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட்டுக்குப் பக்கத்தில் போதும். தினமும் 15 மணி நேரம் சுற்றுகிற ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடும் பெட்ரூம் ஃபேனில் ஆரம்பித்தால் போதும்.

நான் சொல்லவந்தது கரண்ட் பற்றி மட்டுமல்ல. நம் வீடுகளில் சிக்கனம் என்றாலே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் கை வைக்கிறோம். கீரைக்கட்டு, பூ, ஆட்டோ, அம்மாவின் ஃபேன். பணம் இப்போது போகிற வழியோ வேறு.

2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் எத்தனை வீடுகளில் சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது! நம்மிடம் இவ்வளவு இருந்ததா என்று பல கணவன்மார்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மீதிச் சில்லறைதான். 200 ரூபாயோடு கடைக்குப் போய், 165-க்கு வாங்கி, மிச்சம் 35-ஐ டப்பாவில் போட்டுச் சேர்த்த பணம்.

இப்போது ஸ்கேன் செய்கிறோம். 165 என்றால் 165 போகிறது. மீதி என்று ஒன்று கைக்கே வருவதில்லை. சிறுவாடு சேர்க்க வழியே இல்லாமல் போனது, நம் பெண்களுக்குத் திறமை குறைந்ததால் அல்ல.

ஸ்கேன் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமா? பெட்டிக்கடை அண்ணாச்சியே, ‘சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணிடுங்க’ என்கிறார். ஆனால், சம்பளம் வருகிற அக்கவுன்ட்டிலிருந்தே கொத்தமல்லிக்கும் பணம் அனுப்ப வேண்டாமே. யூ.பி.ஐ. லைட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துக்கான காய்கறி, பால் பணத்தை அதில் போட்டுவிடுங்கள். தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள். வியாழக்கிழமை எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே கை தானாக அளவாகிவிடும். சனிக்கிழமை அதில் மிச்சமிருந்தால் அது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது!

பணம் அனுப்பும் அதே ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள். ஐ.பி.எல். பார்க்கப் போட்ட சந்தா, பிள்ளை ஒரு வாரம் இலவசம் என்று சேர்ந்த ஆப், இரண்டு பேர் போனிலும் தனித்தனியாக ஓடும் ஒரே ஓ.டி.டி. எனச் சிலது தட்டுப்படலாம். இப்படித் தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வரத்தான் செய்கிறது. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று கேட்கும் நாற்பது மெசேஜ்களுக்கு நடுவில் அதை யார் பார்ப்பது?

மளிகைக்கு வருவோம். முன்பெல்லாம் மாதம் பிறந்தால் லிஸ்ட் எழுதுவோம். ஒருவர் டப்பாக்களைத் திறந்து பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். ‘உளுந்து இன்னும் அரைக் கிலோ கிடக்கு, ஒரு கிலோ போதும்’ என்ற அந்த வரியில்தான் பட்ஜெட்டே இருந்தது. இப்போது இஞ்சி தீர்ந்துவிட்டதென்று போனை எடுக்கிறோம். டெலிவரி ஃப்ரீயாக வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வாங்கு என்கிறது ஆப். சிப்ஸும் சாக்லேட்டும் சேர்கின்றன. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று தனியாக வருகிறது. பத்து ரூபாய் இஞ்சி இருநூறில் முடிகிறது. லிஸ்ட்டை மறுபடி கொண்டுவந்தால் போதும், எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று பொடி எழுத்தில் ஒரு விலை இருக்கும். சில வருடங்களாக அதை அச்சிட வேண்டியது கட்டாயம். ‘ஃபேமிலி பேக்’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். பெரிதாக வாங்கினால்தான் லாபம் என்பது எப்போதும் உண்மையல்ல. ஷாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளில் மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு.

இனி கொஞ்சம் கோபமாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சிக்கனம் என்ற பெயரில் சுகர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அப்பாவின் மாத்திரை ஒரு வேளை தவறாது. பிள்ளையின் டானிக் தவறாது. தன் அட்டையை மட்டும் இரண்டு மாதத்துக்கு இழுப்பார். கேட்டால், ‘எனக்கு இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்பார். இது சேமிப்பே இல்லை. பின்னால் ஆஸ்பத்திரியில் வட்டியோடு கட்டவேண்டிய கடன்.

மாத்திரையைக் குறைக்காதீர்கள், அதன் விலையைக் குறைக்க வழி இருக்கிறது. அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே மருந்தின் பெயர் இருக்கும்: மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பதுபோல. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இதே மருந்துகள் ஜெனரிக்காக மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ‘இதையே ஜெனரிக்கில் வாங்கிக்கலாமா டாக்டர்?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்க என்ன கூச்சம்?

இத்தனையும் செய்தாலும் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் அப்படியேதானே நிற்கின்றன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாடகைக்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. ஃபீஸைக் குறைக்கவும் முடியாது. ஆனால், ஜூனில் திடீரென்று வந்து நிற்கிற செலவுபோல் அதைப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை மாற்றலாம். பள்ளி திறக்கும் சமயத்தில் அடகுக் கடைக்குப் போகிற வளையல்கள் எத்தனை! பல வீடுகளில் அவை தீபாவளிக்குக் கூடத் திரும்பி வருவதில்லை. 40,000 ரூபாய் ஃபீஸ் என்றால் மாதம் 3,350 ரூபாய். இந்த மே மாதமே வங்கியில் 12 மாத ஆர்.டி. ஒன்றைப் போட்டால் அடுத்த மே மாதம் பணம் கையில் இருக்கும். தெருவில் தெரிந்தவர் பிடிக்கிற சீட்டில் போடுவதாக இருந்தால் அது பதிவு செய்ததா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். முதல் வருஷம் கஷ்டம்தான். இந்த ஜூன் ஃபீஸையும் கட்டி ஆர்.டி.யும் போட வேண்டும். பாதித் தொகைக்காவது போடுங்கள், வளையலில் ஒன்றாவது வீட்டிலேயே இருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் பிள்ளைகளை வைத்துக்கொண்டே போடுங்கள். காசு விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய உண்டு. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வகுத்தல் தெரியும். மீட்டர் பார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுக்கலாம். ஒன்றே ஒன்று, பதிலுக்கு அவர்களும் கேள்வி கேட்பார்கள். ‘ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டினீங்களேப்பா, எத்தனை நாள் போனீங்க?’ என்று வந்தால் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்