சித்திரை விடுமுறையும் வீட்டு மரக்கறித் தோட்டமும்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிவரும் விடுமுறை நாட்கள் கமக்காரர் இல்லங்களில் ஆட்பலம் மிகுந்த நாட்களாகும். கொழும்பிலும் பிற நகரங்களிலும் தொழில் புரியும் பிள்ளைகள் ஊர் திரும்புகின்றனர். பாடசாலைப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கின்றனர். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் பெய்யும் மழை நிலத்தை ஓரளவு நனைத்து வைத்திருக்கின்றது. பஞ்சாங்கத்திற் கண்ட சுபநேரத்திலே கைவிசேடம் பெற்று, புதிய ஆண்டின் தொழிலைத் தொடக்கிவைத்தலும் மரபாகும். ஆகவே, இந்நாட்களில் வளவிலே மரக்கறித் தோட்டம் ஒன்றை உண்டாக்கிவிடலாம் என்னும் எண்ணம் பலருக்கு எழுதல் இயல்பே. எண்ணம் நல்லது. ஆயின், அவ்வெண்ணம் செயலாகும் முறை பெரும்பாலும் நன்றாயில்லை.

வழக்கமாக நடப்பது இது. நகரத்திலிருந்து வந்த மகன் சந்தையிற் பத்து விதை உறைகளை வாங்கி வருகின்றான். ஒரே காலையில் வளவு முழுவதும் கொத்தப்படுகின்றது; அன்று மாலையே வெண்டி, கத்தரி, பயிற்றை, பாகல், புடோல், கீரை யாவும் விதைக்கப்படுகின்றன. ஐந்தாம் நாள் பிள்ளைகள் பேருந்து ஏறுகின்றனர். வைகாசியிற் சோளகம் எழுகின்றது. நீர் ஊற்றும் வேலை வீட்டிலிருக்கும் தாயார் தலையிலோ, முதிய பாட்டனார் தலையிலோ விழுகின்றது. ஆனி நடுப்பகுதியிற் பார்த்தால், வேலியோரத்து முருங்கை மரங்கள் இரண்டு மாத்திரமே பச்சையாக நிற்கின்றன. அவையோ அவ்விடுமுறையில் எவராலும் நடப்படாதவை.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் இந்நாட்டிற் பலரும் தோட்டத்தை நாடினர். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் 90 வீதத்தைக் கடந்தது. எரிபொருட் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவும், உணவுப்பயிர் செய்கையில் ஈடுபடவுமென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் ஏற்பாடும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அங்கீகரிக்கப்பட்டது. அந்நாட்களில் மண்வெட்டியைத் தொட்டறியாதாரும் கொத்தினர். கிடைத்த நாளிலே கொத்துதல் எளிது. கிடைக்காத நாட்களிலும் அப்பயிரைக் காத்தலே அரிது என்பதை அக்காலம் பலருக்கு உணர்த்தியிருக்கும். விடுமுறை நாளைக்கொண்டு தோட்டத்தை அளப்பது தவறான அளவு. விடுமுறை அல்லாத நாட்களிற் கிடைக்கும் கைகளையும் நீரையும் கொண்டே அதனை அளத்தல் வேண்டும்.

நீரை முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வழக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கராகும். ஒரு பரப்பு ஏறக்குறைய 2,720 சதுர அடி. அதிற் காற்பங்கு 680 சதுர அடி. அதாவது பக்கம் இருபத்தாறடி கொண்ட ஒரு சதுரம். பார்வைக்கு அது சிறு துண்டேயாம். ஆயினும், மழையற்ற கோடையில் நன்கு வளர்ந்த மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் தேவையெனக் கொண்டால், அச்சிறு துண்டுக்கு வேண்டிய நீர் 300 லீற்றருக்கு மேலாகும். 10 லீற்றர் வாளியினால் முப்பது வாளி. ஒரு நாளைக்கன்று, வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மழையற்ற ஒவ்வொரு நாளைக்கும் இக்கணக்கே. ஒரு பரப்பு முழுவதும் நட்டவர் வீட்டில் இது நூற்றிருபது வாளியைக் கடக்கும். நீரிறைக்கும் இயந்திரம் இருக்கின்றதே எனலாம். இயந்திரம் இறைக்கும், கிணறு கொடுக்குமா என்பதே கேள்வி. குடாநாட்டின் சுண்ணக்கற்பாறையில் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு படையாகவே நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தவிடத்து உவர் மேலெழும். உவர் ஏறிய கிணற்றை மீட்பதற்கு மாரிகள் சில வேண்டியிருக்கும்.

ஆதலின், முதன்முதலாக வளவு அமைப்போர் காற்பரப்புக்கு மேல் தொடுதல் வேண்டா. அதற்கும் ஆளில்லாத வீட்டில் அதிற் பாதி போதும். குளிக்கும் நீரும் பாத்திரங் கழுவும் நீரும் வீணே ஓடவிடற்பாலனவல்ல. ஆயினும் சவர்க்கார நீரைக் கீரைப் பாத்திக்கு விடாது வாழைக்கும் தென்னைக்கும் திருப்புக. கிணற்றடி வாழை என்பது முன்னோர் கண்ட ஏற்பாடு. அதனைத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் பாத்திக்கு நேரே போகலாம். பயிரின் அடியில் மூன்று நான்கு விரற்கடை கனத்தில் வைக்கோலோ சருகோ இட்டு மூடினால் நீர்ச்செலவு தெளிவாகக் குறையும். சோளகக் காற்று நிலத்தை உலர்த்துவதும் தடைப்படும். நீர் ஊற்றுவது மாலையிலோ அதிகாலையிலோ ஆகுக.

கிணற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. இதனைத் தோட்டக்காரர் கேட்க விரும்புவதில்லை. வலிகாமப் பகுதியிலே தோட்டநிலக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. பயிர் உண்ணாத யூரியாவும் எருவும் மண்ணின் கீழ் இறங்கி, பாறைப் பிளவுகள் வழியே நீரை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். அதனை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து உண்டு. வெளித்தோட்டத்தில் இதன் விளைவு எங்கோ ஓரிடத்தில் எவருக்கோ நேரலாம்; வீட்டுத் தோட்டத்திலோ, பசளை இடும் கையும் அக்கிணற்று நீரை அள்ளும் கையும் ஒன்றே. எனவே, குடிக்கும் கிணற்றை அடுத்த பாத்திகளுக்கு யூரியாவைக் கைந்நிறைய வீசுதல் ஒருபோதும் ஆகாது. எருக்குவியலையும் கிணற்றுக்கு அண்மையில் வைத்தல் கூடாது. உக்கிய கூட்டெருவை நடுகைக்கு முன் மண்ணுடன் கலந்து, பின்னர் சிறிது சிறிதாக மேலிடுதலே சிறந்தது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது, பசளையின்றிப் பட்ட துன்பத்தைக் கமக்காரர் மறந்திரார். அத்துன்பத்தை நினைந்து இப்பொழுது இருமடங்கு இடுவாரும் உளர். பயிர் இருமடங்கு உண்பதில்லை.

இனி, விடுமுறையில் வந்த பிள்ளைகளுக்கு எவ்வேலையைக் கொடுப்பது? விதைப்பையன்று, உடல்வலி வேண்டும் வேலைகளையே கொடுத்தல் தகும். பூவரசு, கிளிசறியா வேலிகளை வெட்டி, தழையைப் பாத்தியிற் புதைப்பதற்கு இதுவே பருவம்; அத்தழை மண்ணில் உக்குவதற்கு மூன்று கிழமை வரை வேண்டும். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் நாட்டுதல், ஒன்றரை அடி ஆழத்திற் குழி எடுத்து எருவும் மேல்மண்ணும் நிரப்புதல், கூட்டெருக் குவியல் அமைத்தல், கட்டாக்காலி மாடும் ஆடும் நுழையும் வேலிப் பொட்டுகளை அடைத்தல் ஆகியவற்றை முதியவர் தனியே செய்தல் இயலாது. இவை முடிந்தால், எஞ்சியது ஒருவர் கையால் நடக்கும்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை வேண்டும். நாற்று நடத்தக்கதாக நான்கு கிழமைகள் செல்லும். எனவே புத்தாண்டில் நாற்று நட விரும்புவோர் பங்குனி முற்பகுதியிலே மேடை இட்டிருத்தல் வேண்டும். அது தவறியவர், தெருவோரத்தில் விற்கும் முற்றி நீண்ட நாற்றுக்களை வாங்கி நட்டு ஏமாறுவதைக் காட்டிலும், விடுமுறையில் மேடை இட்டு வைகாசியில் நடுதல் மேல். மேடையின்மீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறியபின் விதைத்தால் நாற்றழுகல் நோய் குறையும். சென்ற முறை கத்தரியோ தக்காளியோ மிளகாயோ நின்று வாடிய இடத்தில் இம்மூன்றில் எதனையும் மீண்டும் நடவேண்டா. வாடல் நோயின் கிருமி அம்மண்ணிலே காத்திருக்கும். வைகாசியில் நடும் நாற்றுக்கு முதற் கிழமை தென்னோலையால் மேற்குப் புறத்தில் நிழலும் காற்று மறைப்பும் கொடுத்தல் வேண்டும்.

காற்பரப்பில் எவ்வளவு நடலாம் என்பதற்கு ஒரு கணக்கு. மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் வெண்டிக் குழிகள் இருபது. அதே இடைவெளியிற் கத்தரி பன்னிரண்டு. இரண்டடிக்கு ஒன்றரை அடியில் மிளகாய் முப்பது. முப்பதடி நீளத்திற் பயிற்றை ஒரு வரிசை. பந்தலின்கீழ்ப் பாகல் இரண்டு குழி, புடோல் இரண்டு குழி. பத்தடிக்கு மூன்றடியிற் கீரைப் பாத்தி இரண்டு. நடைவழிக்கும் இடம் இருக்கும். வடபகுதிக்குக் கத்தரியில் திருநெல்வேலி ஊதாவும், பாகலில் திருநெல்வேலி வெள்ளையும் பழகிய இனங்கள், வெண்டியில் எம்.ஐ. 5, மிளகாயில் எம்.ஐ. 2, கே.ஏ. 2 என்பனவும் திணைக்களத்தின் வெளியீடுகளே.

இருபது வெண்டிக் குழிகளையும் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. வெண்டி ஏறக்குறைய ஐம்பதாம் நாளிற் காய் தரத் தொடங்கும். இரண்டு நாளுக்கொருமுறை பறிக்காவிடின் முற்றிவிடும். பத்துக் குழி புத்தாண்டில், எஞ்சிய பத்து மூன்று கிழமை கழித்து. முளைக்கீரை இருபத்தைந்து முப்பது நாளிற் பறிப்புக்கு வரும். அதனை இரண்டு கிழமைக்கு அரைப் பாத்தியாக விதைத்துவரின், தட்டின்றிக் கறிக்கு உதவும். சந்தைக்குப் பயிரிடுவோரும் இதனைச் சிந்தித்தல் நலம். ஊரெல்லாம் ஒரே சுபதினத்தில் விதைத்தால் ஊரெல்லாம் ஒரே கிழமையில் அறுவடை செய்யும்; அக்கிழமையின் விலை எவ்வாறிருக்கும் என்பதைச் சோதிடர் சொல்லவேண்டியதில்லை. சுபநேரத்தை மதிப்போர் ஒரு பாத்தியை அந்நேரத்தில் விதைத்து, எஞ்சியவற்றைக் காலம் பிரித்து விதைக்கலாம். மரபுக்கு இதனாற் குறையொன்றும் வாராது.

நெற்செய்கையாளருக்கு இந்நாட்கள் வேறுவகையில் நெருக்கடியானவை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளத்துநீரை நம்பிச் சிறுபோகம் செய்வோருக்குப் புத்தாண்டை அடுத்து உழவும் விதைப்பும் காத்து நிற்கின்றன. அவர்கள் வீட்டுத் தோட்டத்தைச் சிறிதாகவே வைத்தல் வேண்டும். வயலுக்குப் போகும் கைகளைத் தோட்டம் இழுத்தல் கூடாது. ஆயின், காலபோக அறுவடையில் எஞ்சிய வைக்கோலைக் களத்திற் கொளுத்திவிட்டு, வளவில் மூடாக்குக்கு ஒன்றுமில்லை என்போர் அவர்களுள் மிகுதி. ஓர் உழவியந்திரப் பெட்டி வைக்கோல் இந்த விடுமுறையில் வீடு வந்து சேரட்டும். குளத்தில் நீர் குறைந்து, சிறுபோகத்துக்கு வயலின் ஒரு பகுதியே ஒதுக்கப்பட்ட இடங்களில், எஞ்சிய ஈரத்திற் பயறோ கௌபீயோ இடுவது நெல்லுக்கு ஆசைப்பட்டுக் கதிர் பருவத்திற் காயவிடுவதினும் அறிவுடைமையாகும்.

“சந்தையில் மலிவாய்க் கிடைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?” என்பாரும் உளர். நியாயமான கேள்வியே. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 2 கிலோகிராம். காற்பரப்பு இவ்வளவையும் நாள்தோறும் தந்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். கீரை, பச்சைமிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றிற் பெரும்பங்கைத் தரும். விலை ஏறும் கிழமைகளில் அதுவே பெரிது. மரக்கறியையே தொழிலாகக் கொண்டவருக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் தோட்டத்திற் பீடைகொல்லி விசிறுகின்றார்; விசிறியபின் பறிப்பதற்குரிய இடைநாட்கள் போத்தலின் சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்டுள்ளன. சந்தைக்கு அனுப்பும்போது அந்நாட்களை எண்ணுபவருங்கூட, அடுப்பில் உலை கொதிக்கையில் எண்ணுவதில்லை. விசிறாத பாத்தி ஒன்று வளவில் இருந்தால், பிள்ளைகளின் கறி அதிலிருந்து வரும். அப்பாத்தியிற் பாகற்பிஞ்சைக் கடதாசியாற் சுற்றிவிட்டால் பழ ஈ அணுகாது. வெண்டியில் மஞ்சள் நரம்பு கண்ட செடியைக் கண்டவுடன் பிடுங்கி எரித்துவிடல் வேண்டும்.

விதை உறையை வாங்குமுன் அதில் அச்சிட்ட காலாவதித் திகதியைப் பார்க்க. வீட்டு விதையாயின் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஏழெட்டு முளைத்தால் விதைக்கலாம். கலப்பின விதையிலிருந்து பெற்ற காயை அடுத்த போகத்துக்கு விதையாக்கினாற் செடிகள் ஒருசீராக வாரா. ஊர் இனங்களில், நோயற்ற செடி ஒன்றில் நல்ல காய் இரண்டைப் பறியாது முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பலுடன் கலந்து, இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் இட்டு, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவைக்க. எந்தச் செடியின் காய் விதைக்கென்று விடப்பட்டது என்பதைச் சமைப்பவருக்கும் சொல்லிவைத்தல் வேண்டும். இல்லையேல் அது விருந்து வந்த அன்று கறிச்சட்டிக்குப் போய்விடும்.