கம்பி பங்களா வரை வருகிறது, லயத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை?



மலையகத்தின் பிரதான வீதிகளில் இன்று கம்பத்துக்குக் கம்பம் இன்னொரு கறுப்புக் கம்பியும் ஓடுகிறது. அது பைபர் கம்பி. டவுனில் கடைக்காரர் வீட்டுக்குள் போகிறது. சந்தியிலுள்ள கிராமத்து வீடுகளுக்கும் போகிறது. சில இடங்களில் தோட்டத்துக்குள்ளும் வரத்தான் செய்கிறது. ஆபிசுக்கு வருகிறது, ஸ்டோருக்கு வருகிறது, துரை பங்களாவுக்கு வருகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்துக்கு மட்டும் வருவதில்லை.

கேட்டுப் போனவர்களுக்குக் கிடைத்த பதில்கள் எமது தோட்டக் கமிட்டிகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. "உங்கள் பக்கம் இன்னும் வசதி இல்லை." "தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டு வாருங்கள்." "பிறகு அறிவிப்போம்." எந்தத் தோட்டத்து முறைப்பாட்டை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

நாம் சொல்கிறோம்: இதற்குக் காரணம் தூரமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. நாம் குடியிருக்கும் வீடு எமது விலாசமாக இன்னும் எண்ணப்படவில்லை. அதுதான் காரணம்.

போன் இருக்கிறதே, போதாதா?

"எல்லார் கையிலும் போன் இருக்கிறது, டேட்டா போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். சொல்கிறவர் வீட்டில் பைபர் இருக்கிறது.

போன் சிக்னல் காற்றில் வருகிறது. நடுவில் மலை நின்றால் நின்றுவிடும். எமது லயங்கள் பல பள்ளத்திலும் ஆற்றோரத்திலும்தான் கட்டப்பட்டன. நல்ல மேட்டு நிலம் தேயிலைக்கும் பங்களாவுக்கும் போனது. ஆகவே சிக்னல் வேண்டுமானால் பிள்ளை பாறைக்கு ஏற வேண்டும், அல்லது றோட்டுக்கு வர வேண்டும். அப்படியே கிடைத்தாலும் ஒரு டவரை ஊரெல்லாம் பகிர்ந்துகொள்கிறது. மாலையில் எல்லாரும் போனை எடுக்கும் நேரம் வேகம் செத்துப்போகும். வாங்கிய டேட்டாவோ ஒரு வாரம் முடியுமுன்பே தீர்ந்துவிடும்.

பைபர் என்பது தலைமயிர் அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது வெளிச்சம். மலையைச் சுற்றி, வளைவுக்கு வளைவு, கம்பத்தின் மேலேயே வந்துவிடும். பள்ளம் மேடு அதற்கு இல்லை. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஒரு போனை மூவரும் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

2020ஐ மறந்துவிட்டோமா?

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது. அன்று எமது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அந்தச் சம்பளத்தில் கடன்பட்டுப் போன் வாங்கினோம், அடகு வைத்து ரீலோட் போட்டோம். பிள்ளைகள் மழையில் மலை உச்சியில் நின்று பாடம் இறக்கினார்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பையே விட்டது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1883இலிருந்து ஏலக்காரர்கள் கூடிக் கூவி நடத்திவந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரல் மாதம் இணையத்துக்கு மாறியது. நாட்டையே மூடி வைத்திருந்த நேரத்தில், சில வாரங்களுக்குள், அதற்கு எல்லா ஏற்பாடும் செய்ய முடிந்தது. நாம் மலைக்கு ஏறிக் கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தோம். எமது தேயிலை இணையத்தில் விற்றுக்கொண்டே இருந்தது.

தேயிலைக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்குத் தேயிலை பறித்தவளின் பிள்ளைக்கு வழி கண்டுபிடிக்க ஏன் முடியவில்லை? இது கோபத்தில் கேட்கும் கேள்வி அல்ல, கணக்குக் கேட்கும் கேள்வி.

இன்றும் அதே நிலைதான். சில தோட்டங்களில் கொழுந்து மின்னணுத் தராசில் நிறுக்கப்படுகிறது. அந்த நிறை நேரே கணினிக்குப் போகிறது. நாம் பறித்த கொழுந்தின் நிறை கொழும்புக்கு உடனே தெரிகிறது. எமது பிள்ளையின் உயர்தரப் பரீட்சை முடிவைப் பார்க்க மட்டும் நாம் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும்.

பரீட்சை முடிவு இணையத்தில். பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது அதற்கான பதிவும் இணையத்தில். அரசாங்கம் தன் கதவுகளை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்குப் போகும் பாதையை லயத்துக்குப் போடாமல் கதவை மட்டும் மாற்றினால், எம்மை வெளியே நிறுத்திப் பூட்டியதாகத்தானே அர்த்தம்? டவுனில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்க கொமினிகேஷன் கடைக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, அன்றைய பேரும் போய்விடுகிறது. இலவசமான அரசாங்கச் சேவைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

மூன்று சாட்டு, மூன்று பதில்

முதலாவது சாட்டு: "தோட்டப்புறத்தில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது."

சிதறிக் கிடப்பது யார் வீடு? ஒரே கூரைக்குக் கீழே 10 காம்பரா, 12 காம்பரா, இரட்டை லயமானால் 24 காம்பரா. இலங்கையின் நாட்டுப்புறத்தில் இவ்வளவு நெருக்கமாகக் குடும்பங்கள் அடைக்கப்பட்ட இடம் வேறு எங்கே இருக்கிறது? பைபர் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரே இழையை, பிரிக்கும் சிறு பெட்டி ஒன்றினால் 8, 16, 32 வீடுகளுக்குப் பிரிக்கலாம். அந்தப் பெட்டிக்கு மின்சாரமும் தேவையில்லை. நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் வரை போகலாம். கிராமத்தில் 12 வீட்டுக்குக் கம்பி இழுக்க பல கம்பங்கள் வேண்டும். லயத்தில் கோடிச் சுவரில் ஒரு பெட்டி போதும். நூறு வருடமாக எம்மை அடைத்து வைத்த நெருக்கம் இந்த ஒரு விஷயத்தில் எமக்குச் சாதகமாக இருக்கிறது. அதையும் மறைத்து, "சிதறிய வீடுகள்" என்று எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இரண்டாவது சாட்டு: "காணி கம்பனியுடையது, துரையின் கடிதம் வேண்டும்."

காணி கம்பனியுடையது அல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992இல் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது நிர்வாகம்தான். காணியைப் பொறுத்தவரை அவர்களும் குத்தகைக்காரர்கள். இந்தக் "கடிதம்" எமக்குப் புதிதுமல்ல. எமக்கு வந்த தபால் ஆபிசுக்குப் போய், அங்கிருந்து எமக்கு வந்தது. லயத்துக்கு லைட் கேட்டபோதும் கடிதம் கேட்டார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, எமது வாக்கை வாங்கிய சபைகளே எமது பாதைக்குக் கல் போட முடியாது என்றன. அந்தச் சட்டத்தைத் திருத்த 2018 வரை போராட வேண்டியிருந்தது. இன்று பைபர். தபாலுக்கு, லைட்டுக்கு, பாதைக்கு, இணையத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் குடிமகன் ஒருவன் துரையிடம் கடிதம் கேட்டு நிற்பதற்குப் பெயர் என்ன?

மூன்றாவது சாட்டு வாயால் சொல்வது குறைவு, மனதில் நினைப்பது அதிகம்: "தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு பைபர்? படம் பார்க்கத்தான். பில்லும் கட்ட மாட்டார்கள்."

படம் பார்த்தால்தான் என்ன? நாள் முழுக்க அட்டைக் கடியில் நின்று வந்தவர் படம் பார்க்கக் கூடாதா? பங்களாவில் பார்ப்பதில்லையா? பில்லைப் பற்றிச் சொன்னால், ஒரு வீட்டில் மூன்று போனுக்கு மாதம் முழுவதும் போடும் ரீலோட் கணக்கை எழுதிக் கூட்டிப் பாருங்கள். நாம் இப்போதே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 18 வீத வற் வரியும் நாட்டில் எல்லாரையும் போலவே கட்டுகிறோம். வரியில் சமம், சேவையில் இல்லை.

எமக்குள்ளேயே எழும் கேள்வி

"முதலில் காணியும் வீடும் கேட்போம். லயத்துக்கு பைபர் இழுத்தால் லயத்திலேயே கிட என்று விட்டுவிடுவார்கள்" என்று எமது தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. லயத்துக்கு வெள்ளை அடித்து வீட்டுக் கோரிக்கையை மழுப்பிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் வீடு கிடைக்கும்வரை லைட் வேண்டாம் என்று நாம் இருட்டில் இருக்கவில்லை. சொந்தக் காணியில் வீடு கிடைக்கும் நாளில் இணைப்பையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். அதுவரை பிள்ளையின் வயது காத்திருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு வீடு வரும்போது இருபது வயதாகிவிட்டால், அந்தப் பத்து வருடப் படிப்பை யார் திருப்பித் தருவார்கள்? இன்னொன்றும் உண்டு. எமது பெயரில், எமது லயத்து இலக்கத்தோடு மாதாமாதம் வரும் ஒரு பில், நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு எழுத்திலான ஒரு சாட்சி. காணிப் போராட்டத்துக்கு அது குறுக்கே நிற்காது, துணையாகத்தான் நிற்கும்.

உயிருக்கும் இது தேவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மலையகமே சரிந்தது. மண்சரிவு எச்சரிக்கை உரிய நேரத்தில் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கும் வர வேண்டும். காற்றில் பைபர் கம்பியும் அறும், உண்மைதான். ஆனால் செய்தி வர இரண்டு வழி இருந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

இனிச் செய்ய வேண்டியது

ஒருவர் தனியாகப் போனால் "பிறகு பார்ப்போம்" என்பார்கள். லயத்து ஆட்கள் எல்லாரும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் லயத்துக்கு லயம் பட்டியல் எடுக்கட்டும். அடையாள அட்டைப் பிரதியோடு, லைட் பில் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் இணையுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்த மறுப்போடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவோம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், நியாயமான தேவைகளுக்குச் சேவை கிடைக்கச் செய்வதை நோக்கமாகச் சொல்கிறது. கிராமியச் சேவையையும் அதில் சேர்த்தே சொல்கிறது. லயம் கிராமத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது?

கம்பி வந்த வீடுகளுக்கும் சில வார்த்தை. ரவுட்டருக்கு மின்சாரம் வேண்டும். லைட் போனால் இணையமும் போகும், ஆகவே முடிந்தவர்கள் சிறிய பெட்டரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பைபர் கம்பியை ஆணியில் மடித்துக் கட்டாதீர்கள், உள்ளே கண்ணாடி. அறுந்த நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். லயத்துக் கல் சுவர் சிக்னலை விழுங்கும், பிள்ளை படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரவுட்டரை வையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எந்த ஏஜெண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

இணையத்தோடு சூதாட்டமும் வரும், கடன் தருகிறோம் என்று கழுத்தை நெரிக்கும் செயலிகளும் வரும். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. தவறணைக்குப் பயந்து சம்பளத்தைப் பூட்டி வைத்த எமது தாய்மாருக்கு இதைப் புரியவைக்க வகுப்பு தேவையில்லை. ஆனால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

எமது கோரிக்கைகள்:

1. லயத்தில் குடியிருக்கும் குடும்பம் இணைய இணைப்புப் பெற தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்கப்படக் கூடாது.

2. ஆபிசுக்கோ ஸ்டோருக்கோ பைபர் வந்த தோட்டத்தில், அதே கம்பியிலிருந்து லயங்களுக்கும் இணைப்புக் கொடுக்கப்பட வேண்டும்.

3. புதிதாகக் கட்டப்படும் வீட்டுத் திட்டங்களில் பாதை, தண்ணீர், மின்சாரத்தோடு பைபரும் சேர்க்கப்பட வேண்டும்.

4. அதுவரை ஒவ்வொரு டிவிஷனிலும் ஓர் இடத்தில், பாடசாலையிலோ வாசிகசாலையிலோ, பிள்ளைகளுக்கு இலவச இணைப்பு வேண்டும்.

இது எவரும் தேர்தலுக்குத் தரும் சலுகையாக வேண்டாம். பட்டியலை இந்த மாதமே எடுத்து மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். துரை கடிதம் தருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் காலம் போதும். நாமே எமது பெயரையும் எமது லயத்து இலக்கத்தையும் எழுதி அனுப்புவோம்.