உங்கட மண்டபத்து ப்ரொஜெக்டர் எத்தனை கே?

எங்கட குறும்படக் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சியின் படம் போட்டி ஒன்றில் இருந்து திரும்பி வந்திருக்கிறது. படம் சரியில்லை என்று இல்லை. ஒருத்தரும் பார்க்கவே இல்லை. விதிமுறையில் 'குறைந்தது 4கே' என்று இருக்கிறதாம், அவள் அனுப்பினது போனில் எடுத்த 1080. "திரும்ப எடுத்து அனுப்புங்கோவன், நாள் கிடக்குத்தானே" என்று ஏற்பாட்டுக்குழு அண்ணா ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னாராம். படத்தில் இருக்கிறது அவளின்ர அம்மம்மா. அடுப்படியில் இருந்துகொண்டு, இடம்பெயர்ந்து போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவ, ஒரு இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டுப் பேசாமல் பாலைக் கலக்குகிறா. அதை எப்படி அண்ணா திரும்ப எடுக்கிறது? "அம்மம்மா, இன்னொருக்கா அதே இடத்தில நிப்பாட்டுங்கோ, 4கேயில எடுக்கவேணும்" எண்டு கேக்கிறதோ?

இந்தக் கோபத்தில்தான் நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை முழுக்க கமரா சோதனை செய்தோம். இரவலாகக் கிடைத்தது நாலு: ஒரு சீனியரின் பழைய கனன் 700டி, ஒரு நண்பியின் கனன் எம்50, கலியாண வீடியோ எடுக்கிற அண்ணை ஒருவரின் சொனி ஏ6300, பிறகு அந்தத் தங்கச்சியின் போன். சுவரில் பேப்பர் ஒன்றை விரித்து ஒட்டினோம். பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை, முருங்கை மரம், எங்களில் ஒருத்தனின் தாடி. ஒரே முக்காலி, ஒரே வெளிச்சம்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்ளுகிறோம். வித்தியாசம் இருக்கிறது. லப்ரொப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் நல்லாவே இருக்கிறது. ஏ6300 பேப்பரின் சின்ன எழுத்தைக்கூட வாசிக்கத் தந்தது. அதற்குக் காரணம் பெட்டியில் எழுதின '4கே' இல்லை. அது சென்சரில் ஏறத்தாழ 6000 பிக்சல் அகலத்துக்கு முழுதாக வாசித்து, அதை 3840க்குச் சுருக்குகிறது. கமரா சென்சரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டும்தான் பிடிக்கும், மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கமராதான் கணித்துப் போடும். அதனால் கூட எடுத்துச் சுருக்கினால்தான் படம் உண்மையாகவே கூர்மையாக வரும்.

700டி செய்வது நேர்மாறு. 18 மெகாபிக்சல் சென்சர், ஆனால் வீடியோவுக்கு வரிகளைத் தவிர்த்துத் தவிர்த்து வாசிக்கிறது. வெளியில் வருகிற கோப்பு 1080தான், உள்ளே இருக்கிற விபரம் அதைவிடக் குறைவு. ஓட்டுக்கூரையில் வானவில் மாதிரி அலை ஓடினது. சாரியின்ர சின்னக் கோட்டுக்கரையிலும் அதுதான் வரும், கலியாண வீட்டு அண்ணையைக் கேளுங்கோ.

எம்50இல் '4கே' என்று இருக்கிறது. அதைப் போட்டால் படம் வெட்டுப்பட்டு உள்ளே போய்விடும். ஹொஸ்டல் அறைக்குள் சுவரோடு முதுகை ஒட்டினாலும் ஒரு ஆளின் தலையும் தோளும்தான் பிடிபடும். போதாததுக்கு, 1080இல் ஒழுங்காக வேலை செய்கிற ஓட்டோ போக்கஸ் 4கேயில் பின்னுக்கும் முன்னுக்கும் தேடிக்கொண்டு நிற்கும். போக்கஸ் பிழைச்ச 4கேயை விட மங்கலான ஒண்டு கிடையாது.

போன்? அது செய்வது களவு. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் 'கூர்மை' காட்டும். முருங்கை இலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பச்சைப் பெயின்ற் அப்பினதுபோல இருக்கும். முகங்கள் மட்டும் வடிவாக வந்தது. போன் கம்பனிக்காரனுக்கு முகம்தானே வேணும்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. நாங்கள் குழந்தையாக இருந்த காலத்திலேயே, 2005, 2006இல், முதல் தலைமுறை மலிவு எச்.டி கமராக்களை வைத்து இதே அடிபிடி நடந்திருக்கிறது. பனசொனிக் எச்.வி.எக்ஸ் 200இன் சென்சர்கள் 960க்கு 540தான். சொனி இசட்1 960க்கு 1080, கனன் எக்ஸ்.எச் ஏ1 1440க்கு 1080. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பனசொனிக் கடைசி. ஆனாலும் படம் எடுக்கிறவர்கள் பலர் அதைத்தான் விரும்பி எடுத்தார்கள், நிறத்துக்காகவும் வேகத்தை மாற்றி மாற்றி எடுக்கலாம் என்பதற்காகவும். சுவர்ப் பேப்பரை எடுத்தவர்கள் கனனை வாங்கியிருப்பார்கள்.

அதற்கும் முன்னால் போனால் டனி பொயிலின் '28 டேஸ் லேற்றர்'. 2002இல் வந்தது. கடைசிப் பகுதியைத் தவிரப் பெரும்பாலும் கனன் எக்ஸ்.எல்1 என்ற மினி டிவி கமராவில் எடுத்தது. எச்.டிகூட இல்லை, 576 வரி. ஒளிப்பதிவு செய்த அன்ரனி டொட் மன்ரில்தான் 1998இல் 'ஃபெஸ்ரன்' படத்தைக் கைக்கடக்கமான வீடியோ கமராவில் எடுத்தவர். அது கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கினது. 2015இல் ஷோன் பேக்கர் 'ரஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார், அந்தப் போனில் 4கே வீடியோவே கிடையாது. உடனே "அவங்களிட்ட லென்ஸ் இருந்தது, ஆக்கள் இருந்தவை" என்று சொல்லுவீர்கள். சரி, இருந்தது. அதைத்தான் நாங்களும் சொல்லுகிறோம். வெளிச்சமும் மைக்கும் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் உங்கட விதிமுறை மைக் இருக்கிறதா என்று கேட்கவில்லையே?

இப்ப அந்த 576 வரியை ஞாபகம் வைத்திருங்கோ. போன வருடம் இதே போட்டியின் இறுதித் திரையிடலுக்கு நாங்களும் போனோம். மண்டபத்தில் இருந்த ப்ரொஜெக்டர், விரிவுரைகளில் பவர்பொயின்ற் போடுகிற வகை, 1024க்கு 768. அகலத் திரைப் படம் ஒன்றை அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து, மிஞ்சுவது 1024க்கு 576. 4கேயில் 83 இலட்சம் பிக்சல் அனுப்பச் சொல்லுகிறீர்கள், திரையில் விழுவது 6 இலட்சத்துக்கும் குறைவு. 14இல் 13 பங்கை எறிந்துபோட்டுத்தான் காட்டினீர்கள். அதே வகை ப்ரொஜெக்டர் ஒன்றை எங்கட பீடத்திலும் கேட்டு வாங்கி, நாலு கமராவின் துண்டுகளையும் கலந்து ஓட்டினோம். வந்திருந்த பத்துப் பதினைந்து பேரில் ஒருத்தரும் எது எந்தக் கமரா என்று சரியாகப் பிரித்துச் சொல்லவில்லை. 700டியின் கூரை மட்டும் தன்னைக் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் முறைப்பட்டது ஒரு விஷயத்துக்கு: ஃபான் சத்தத்தில் பேச்சு விளங்கவில்லை.

நாலு துண்டிலும் அந்தச் சத்தம் இருந்தது. ஏ6300இலும் இருந்தது.

கூர்மை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய திரையில் காட்ட, எடிற்றிங்கில் வெட்டிப் பெரிதாக்க, அது உதவும். ஆனால் மலிவாகக் கூர்மை கூட்ட வழி கேட்டால், கமரா கடைசியாகத்தான் வரும். போனில் லென்ஸைச் சேட்டுத் துணியால் துடைக்கிறது காசு கேட்காது. 30 பிரேமில் விட்டுவிடாமல் 25க்கு மாற்றி, ஷட்டரை 50இல் ஒன்றுக்கு வைத்தால் எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ரியூப் லைற் துடிக்காது. மத்தியான வெயிலில் எடுக்காமல் நாலு மணி மட்டும் பொறுத்திருங்கோ.

ஏ6300ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறதே எங்கட மகாபொலக் காசுக்குப் பாரம். 'குறைந்தது 4கே' என்று ஒரு வரி எழுதும்போது, யாரின்ர அம்மம்மாவுக்குக் கதவு சாத்துப்படுகிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. வீட்டில் வெளிநாட்டுக் காசு வருகிற பெடியன் கிளி பறக்கிறதை 4கேயில் எடுத்து அனுப்புவான், அது உள்ளே போகும்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த வரியை எடுங்கோ. அதுக்குப் பதிலாக 'பேச்சு விளங்கவேண்டும்' என்று ஒரு வரி போடுங்கோ. அதற்கு அமைய எங்கட அரைவாசிப் படங்களைத் திருப்பி அனுப்பினாலும் ஒன்றும் கதைக்கமாட்டோம்.

தங்கச்சியின் படத்தை வாற புதன் பின்னேரம் கன்ரீனுக்குப் பின்னால், பெற்சீற் கட்டிப் போடுகிறோம். 12 நிமிடம். அந்த அண்ணாவுக்கும் சொல்லியிருக்கிறோம், வருகிறாராம்.