ஓசைக்கு முன்னால் ஓர் உழைப்பு



தாதியர், ஆசிரியைகள், தையல் வேலை செய்வோர் என்று பல தொழில்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இம்மாதம், நம்மில் அநேகர் ஒரு தொழில் என்றே எண்ணிப் பார்த்திராத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மேலைத்தேய சாஸ்திரிய சங்கீதத்துக்கு இன்றைய காலத்தில் புதிதாக இசை எழுதுகிறவர்களின் தொழில் அது.

“மொஸார்ட், பீத்தோவன் எல்லாம் இருநூறு வருடங்களுக்கு முந்தியவர்கள் அல்லவா? அந்தச் சங்கீதத்துக்கு இப்போதும் எழுதுகிறார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறார்கள். அதையே பிழைப்பாகக் கொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்கள். பெண்களும் எழுதுகிறார்கள். அவர்களுள் ஒருவர் பின்லாந்து நாட்டில் பிறந்த கையா சாரியாஹோ. 1952 ஒக்டோபர் 14இல் ஹெல்சிங்கி நகரில் பிறந்து, 2023 ஜூன் 2இல் பரிஸ் நகரில் காலமானவர். 2019இல் பிபிசியின் இசைச் சஞ்சிகை ஒன்று இசையமைப்பாளர்களிடமே நடத்திய வாக்கெடுப்பில், அப்போது வாழ்ந்துகொண்டிருந்த இசையமைப்பாளர்களுள் முதலிடம் இவருக்குத்தான் கிடைத்தது.

அவர் பெற்ற புகழைவிட, அவர் எப்படி வேலை செய்தார் என்பதே என்னைக் கவர்ந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

“தலையணையை நிறுத்துங்கள்!”

கையாவின் குடும்பம் இசைக் குடும்பம் அல்ல. ஆனால் சிறுமியாக இருக்கும்போதே இரவில் படுத்தால் அவர் காதில் இசை கேட்குமாம். அது தலையணைக்குள் இருந்து வருகிறது என்று எண்ணி, தலையணையை நிறுத்திவிடும்படி தாயாரிடம் கேட்பாராம். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

வயலின், பியானோ, ஓர்கன் எல்லாம் பழகினார். சித்திரமும் படித்தார். இசை எழுத வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தாலும் தனக்கு அந்தத் தகுதி இல்லை என்ற அச்சம் அவரை நெடுநாள் விடவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இந்த அச்சம் பழக்கமானது!

கடைசியில் 1976இல் ஹெல்சிங்கியில் உள்ள சிபெலியஸ் இசைக் கல்லூரிக்குப் போனார். பாவோ ஹைனினென் என்ற ஆசிரியரிடம் கற்க விரும்பினார். வகுப்பில் இடமில்லை. இடம் தரும்வரை அறையை விட்டுப் போகமாட்டேன் என்று கையா நின்றுவிட்டார். இடமும் கிடைத்தது. ஆனாலும், அழகான பெண், நாளைக்குக் கல்யாணம் கட்டிப் போய்விடுவாள், இவளுக்குப் படிப்பித்து நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணிய வேறு ஆசிரியர்களும் அங்கே இருந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பெண்களின் உரிமைக்குப் பேர்போன நாடுகளில் பின்லாந்தும் ஒன்று. அங்கேயே நிலைமை இப்படி இருந்தது!

பிறகு ஜேர்மனியில் ஃப்ரைபூர்க் நகரில் மேற்படிப்பு. 1982இல் பரிஸ் வந்தார். அங்கே ‘இர்காம்’ என்ற இசை ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே கட்டப்பட்டது. கணினியைக் கொண்டு ஓசையை ஆராய்வது அங்குள்ளோரின் வேலை. ஒரு வயலினின் ஓசைக்குள் எத்தனை சிறு ஓசைகள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, அதிலிருந்து இசையை எழுதும் முறையைக் கையா தமதாக்கிக் கொண்டார். அதன்பின் பரிஸ் நகரே அவருடைய ஊராகிவிட்டது.

ஓடர் எப்படி வருகிறது?

சரி, இசையை எழுதினால் யார் பணம் தருவார்கள்? இதுதான் எனக்கும் முதலில் எழுந்த கேள்வி.

இந்தத் தொழில் ஏறக்குறைய தையற்காரரிடம் சட்டைக்கு ஓடர் கொடுப்பது போல நடக்கிறது. ஓர் இசை விழாவோ, ஒப்பெரா மண்டபமோ, ஓர்கெஸ்ட்ரா எனப்படும் பெரிய வாத்தியக் குழுவோ இசையமைப்பாளரை அணுகும். இத்தனை நிமிடம், இன்னின்ன வாத்தியங்கள், இந்தத் திகதியில் அரங்கேற்றம் என்று ஒப்பந்தம் எழுதப்படும். வழக்கமாகக் கூலியில் ஒரு பகுதி முதலிலும் மிகுதி இசைக்குறிப்பை ஒப்படைத்த பின்னும் கிடைக்கும். ஒரு நிறுவனத்தால் செலவைத் தாங்க முடியாவிட்டால் பல நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஓடர் கொடுக்கும். கையாவின் ‘இன்னொசன்ஸ்’ என்ற ஒப்பெராவுக்கு ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டன.

இதைவிட, அந்த இசை பொது மேடையில் வாசிக்கப்படும் போதும் வானொலியில் ஒலிபரப்பாகும் போதும் சிறிது உரிமைப் பணம் வரும். இசைக்குறிப்புப் பிரதிகளைப் பதிப்பகம் வாடகைக்கு விடும்போது அதிலும் ஒரு பங்கு உண்டு. ஆனால் புதிய இசை எல்லாம் அடிக்கடி வாசிக்கப்படுவதில்லை. முதல் நாள் வாசித்ததோடு அலுமாரிக்குள் போய்விடுபவை ஏராளம். ஆகவே பலர் கல்லூரியில் படிப்பித்துக் கொண்டும், அரசு உதவித்தொகை பெற்றுக் கொண்டுமே வாழ்கிறார்கள். இசையை மட்டும் எழுதி வாழக் கிடைப்பவர்கள் சிலரே. கையாவுக்கு அந்த நிலை வந்தது, ஆனால் ஒரே இரவில் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

ஓடர் கிடைத்தாயிற்று. இனி வேலை. பெரிய ஓர்கெஸ்ட்ராவில் எண்பது, நூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் எந்தக் கணத்தில், எந்தச் சுரத்தை, எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது, முப்பது வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடும். அந்த ஒரு பக்கம் சில வினாடிகளில் வாசித்து முடிந்துவிடும். அதை எழுத ஒரு முழுநாளும் போதாமல் போகலாம். கையாவின் முதல் ஒப்பெரா சுமார் இரண்டு மணித்தியாலம் ஓடுவது. கணக்குப் பாருங்கள்!

எழுதி முடிந்தாலும் ஓய்வு இல்லை. ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனிப் பிரதி தயாராக வேண்டும், பிழை திருத்த வேண்டும். ஒத்திகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நாட்கள்தான். இசையை எழுதியவர் மண்டபத்தின் நடுவில் குறிப்பை மடியில் வைத்துக் கொண்டு அமர்ந்திருப்பார். மாதக்கணக்கில் தலைக்குள் மட்டும் ஒலித்தது அப்போதுதான் முதன்முறையாகக் காதில் விழும். அங்கே இந்த ஓசை கூடிவிட்டது, இங்கே குறைந்துவிட்டது என்று கண்டால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும்.

ஒத்திகைக்கு முந்திய இந்த உழைப்பு முழுவதும் ஓர் அறைக்குள், சத்தமில்லாமல் நடக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு மேசைக்கு முன்னால் ஒரு பெண் சும்மா அமர்ந்திருப்பது மட்டுமே தெரியும்.

இதை எழுதும்போது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வருகிறது. அம்மா வீட்டில் தையல் இயந்திரம் போட்டு அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். இயந்திரம் ஓடும்போது மட்டுமே அவர் வேலை செய்வதாக எல்லோரும் நினைத்தார்கள். துணியை விரித்துப் போட்டு, வெட்டும் முன் எப்படி வெட்டினால் துணி மிஞ்சும் என்று அவர் யோசித்துக் கொண்டு நிற்கும் நேரத்தில்தான், “சும்மாதானே நிற்கிறீர்கள், ஒரு தேத்தண்ணி போட்டுத் தாருங்கள்” என்று யாராவது வந்து நிற்பார்கள். யோசிக்கும் நேரமும் வேலை நேரம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இசை எழுதும் பெண்ணுக்கும் இதே பிரச்சினைதான். அவருக்கு அதிகம் தேவைப்படுவது யாரும் குறுக்கிடாத நேரம். வீட்டில் பெண்ணுக்கு இலகுவில் கிடைக்காததும் அதுவே.

இரண்டு இதயங்கள்

கையாவின் கணவர் ஜோன்-பப்டிஸ்ட் பரியேரும் இசையமைப்பாளர். மனைவி மேசைக்கு முன்னால் அமர்ந்திருப்பது என்ன வேலை என்பதை அறிந்தவர். கையாவின் பல படைப்புகளில் கணினி, காட்சி சார்ந்த வேலைகளில் உடன் உழைத்தவர். 1989இல் மகன் அலெக்ஸியும் 1995இல் மகள் அலீசாவும் பிறந்தார்கள்.

தாய்மை வந்தால் கலை போய்விடும் என்பார்கள். கையா தமது தாய்மையிலிருந்தே இசையை எடுத்தார். கருவுற்றிருக்கும் தாயின் உடலுக்குள் இரண்டு இதயங்கள் துடிக்கின்றன. தாயின் இதயம் ஒரு வேகத்திலும் சிசுவின் இதயம் அதைவிட விரைவாகவும் துடிக்கின்றன. ஒரே உடலில் இரண்டு தாளங்கள்! இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2006இல் பரிஸில் அரங்கேறிய ‘அட்ரியானா மாற்றெர்’ என்ற ஒப்பெரா. லெபனானில் பிறந்த எழுத்தாளர் அமின் மாலூஃப் அதன் கதையை எழுதினார். போர்க்காலத்தில் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண் தன் வயிற்றில் வளரும் பிள்ளையைப் பெற்றெடுக்கிறாள். இவன் தகப்பனைப் போல ஆவானா, என்னைப் போல ஆவானா என்ற கேள்வியோடு வளர்க்கிறாள். வளர்ந்த மகன் பழிவாங்கப் போகிறான், ஆனால் கொல்லாமல் திரும்புகிறான். அப்போதுதான் தாய்க்குத் தன் கேள்விக்கு விடை கிடைக்கிறது. இந்தக் கதைக்கு இசை எழுதத் தாய்மை தடையாக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

113 வருடங்கள்

அவருக்கு உலகப் புகழைத் தந்தது முதல் ஒப்பெரா. ‘லாமூர் டு லொயின்’, அதாவது ‘தொலைவிலிருந்து வரும் காதல்’. அதன் கதையையும் மாலூஃபே எழுதினார். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் விழாவில் அது அரங்கேறியது. 2003இல் அமெரிக்காவின் கிராவ்மேயர் விருதையும் பெற்றது. 2016 டிசெம்பரில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒப்பெரா மண்டபத்தில் மேடையேறியபோது பத்திரிகைகள் எல்லாம் ஒரு விடயத்தைக் குறிப்பிட்டன. அந்த மண்டபம் அதற்கு முன் ஒரு பெண் எழுதிய ஒப்பெராவை மேடையேற்றியது 1903இல். எழுதியவர் இங்கிலாந்தின் எதெல் ஸ்மைத். இடையில் 113 வருடங்கள்!

கையாவின் ஒப்பெராவுக்கு அங்கே வாத்தியக் குழுவை வழிநடத்தியவரும் ஒரு பெண். பின்லாந்தைச் சேர்ந்த சூசன்னா மால்க்கி.

“பெண் இசையமைப்பாளர்” என்று தம்மைத் தனியாகக் குறிப்பிடுவதைக் கையா நெடுங்காலம் விரும்பவில்லை. இசையைப் பற்றியே பேசுங்கள் என்பார். ஆனால் பிந்திய வருடங்களில் மனம் மாறிப் பேசத் தொடங்கினார். தாம் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் பட்ட அதே பாடுகளை இன்றைய இளம் பெண்களும் படுகிறார்கள் என்பதைக் கண்கூடாகக் கண்டதே காரணம். நான் தாண்டிவிட்டேன், நீங்களும் தாண்டுங்கள் என்று அவர் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை.

கடைசி வரை மேசையில்

2021 பெப்ரவரியில் அவருடைய மூளையில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதை அவர் வெளியில் சொல்லவில்லை. கொவிட் தொற்றினால் ஒரு வருடம் தள்ளிப் போயிருந்த ‘இன்னொசன்ஸ்’ ஒப்பெரா அந்த வருடம் ஜூலையில் பிரான்ஸின் எக்ஸ் நகரில் அரங்கேறியது. பாடசாலை ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் பின் பெற்றோரும் பிள்ளைகளும் சுமக்கும் துயரமே கதை. ஒன்பது மொழிகளில் பாடியும் பேசியும் நடிக்கப்படுவது. அந்தப் பல மொழி வடிவத்தை அமைத்தவர் மகன் அலெக்ஸி. மகள் அலீசாவும் இசைத்துறையிலேயே இருக்கிறார். அம்மாவின் வேலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த வேலைக்குத் துணையாக வந்தார்கள்.

நோயோடும் கையா எழுதினார். ட்ரம்பெட் வாத்தியத்துக்கான ‘ஹஷ்’ என்ற படைப்பே கடைசி. 2023 ஓகஸ்டில் ஹெல்சிங்கியில் அது முதன்முறையாக வாசிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

இன்னொரு காரியத்தையும் அவர் செய்துவிட்டுப் போனார். ஹெல்சிங்கி இசை மண்டபத்தில் பெரிய ஓர்கன் ஒன்று அமைய வேண்டும் என்று 2017இல் பத்து இலட்சம் யூரோவை அன்பளிப்புச் செய்தார். அந்த ஓர்கன் 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இனிவரும் பிள்ளைகள் அதில் வாசிப்பார்கள், அதற்கென்று புதிதாக இசை எழுதுவார்கள்.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் எழுதும் பெண் இருக்கலாம், வரையும் பெண் இருக்கலாம், சங்கீதம் பயிலும் மகள் இருக்கலாம். எல்லோரும் கையா ஆகிவிட மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் நேரம் தேவை. அவள் மேசைக்கு முன்னால் மௌனமாக அமர்ந்திருந்தால் கூப்பிடாதீர்கள். அந்தத் தேத்தண்ணியை நீங்களே போட்டு, அவளுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய் வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.