முள்ளோடைக்கு இந்தப் பக்கம் தலை வேறா?

கடலூருக்கு வேலைக்குப் போகிற பாகூர்க்காரர்களைக் காலை எட்டு மணிக்கு முள்ளோடையில் நின்று பாருங்கள். கன்னியக்கோயில் வரை ஹெல்மெட் முழங்கையில் தொங்கும், அல்லது பெட்ரோல் டேங்க் மேல் குந்தியிருக்கும். தமிழக எல்லை நெருங்கியதும் வண்டி ஓரங்கட்டும். ஹெல்மெட் தலைக்கு ஏறும். வார் மட்டும் மாட்டப்படாது. மாலையில் இதே சடங்கு தலைகீழாக நடக்கும்.

2025 ஜனவரி 12 முதல் புதுச்சேரியிலும் ஹெல்மெட் கட்டாயம், மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். விளைவு? எல்லைக்கோடு முள்ளோடையிலிருந்து கிளம்பி, போலீஸ் நிற்கிற சிக்னலுக்குக் குடிபோயிருக்கிறது. வில்லியனூரிலிருந்து வருகிறவர் மூலக்குளம் வரை வெறுந்தலையாக வந்து, இந்திரா காந்தி சிலைக்கு முன்னால் கவசத்துக்குள் புகுந்துகொள்கிறார். கிராமத்து உள்ரோட்டில் கேட்பாரே இல்லை.

விதி சரியானது. வெயில் என்பார்கள், முடி கொட்டும் என்பார்கள், பக்கத்து ஊருக்குப் போக எதற்கு என்பார்கள். மண்டை உடைந்தவரை ஒருமுறையாவது ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியவர் இந்த வாதங்களைப் பேசமாட்டார். அப்படிப் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்ட இந்தப் பத்தியில் இடமில்லை.

என் கோபம் விதியைப் போட்டவர்கள் மேல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு 1988இலேயே வந்துவிட்டது. அதை அமல்படுத்த இங்கே ஒவ்வொரு முறையும் ஒரு நாடகம் நடக்கிறது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தெருவில் இறங்கி வண்டிகளை மறித்தார். எதிர்க்கட்சியான அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சட்டசபை எதிரே ஹெல்மெட்டைப் போட்டு உடைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் முதல்வர் நாராயணசாமி காமராஜ் நகர் இடைத்தேர்தல் பிரசாரத்தில் ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் போனார். மறித்த கிரண் பேடியும் 2017இல் இரவு ஆய்வுக்காக ஸ்கூட்டரின் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்து போனவர்தான். சட்டம் போடுகிறவர்களுக்குத் தலை இரும்பு, கூடப்பாக்கத்துக் கொத்தனாருக்கு மட்டும் தலை மண்பானையா? அவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒரு நாள் கூலி.

அபராதம் இல்லாமலே விதி நடக்கும் என்பதற்கு வில்லியனூரிலேயே சாட்சி உண்டு. திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் தொடங்கியது, இன்றைக்கும் தொடர்கிறது. மதம் வேறு, மொழி வேறு, ஆட்சியே வேறு. ஆனாலும் வடத்தைத் தொடாமல் எந்த கவர்னர் தப்பித்தார்? ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற ஒன்றுதான் காரணம். ஊர் தன்னுடையது என்று நினைக்கிற விதிக்குக் காவலாள் தேவையில்லை. மேலேயிருந்து வருகிற விதிக்கு முக்குக்கு முக்கு காக்கிச்சட்டை வேண்டும்.

அப்படியானால் ஊரின் குரல் எங்கே? இங்கேதான் எனக்கு கீழூர் ஞாபகம் வருகிறது. வில்லியனூர்ப் பக்கத்துச் சின்ன கிராமம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 178இல் சட்டசபைக்காரர்கள் மட்டுமில்லை, கொம்யூன் என்கிற உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டோடு சேர்வது என்பதையே கொம்யூன் உறுப்பினர் வாக்களித்து முடிவு செய்திருக்கிறார்.

இன்று வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ வாக்களிக்க ஒரு உறுப்பினராவது உண்டா? 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். இடைவெளி 38 ஆண்டு! அதன் பதவிக்காலமும் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்பது 73ஆவது திருத்தம் சொல்லும் அரசியல் சட்டக் கட்டளை. அதை 2011 முதல் மீறுகிற அரசுக்கு எந்த முக்கில் யார் ரசீது கிழித்துக் கொடுத்தார்கள்? தன் தலைக்கு மேல் உள்ள சட்டத்தை மாட்டிக்கொள்ளாத அரசு, என் தலையைப் பற்றிக் கவலைப்படுகிறதாம்.

இப்போது கொம்யூனை நடத்துகிற ஆணையர் மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வருவார். தெருவில் குடியிருக்கிற வார்டு உறுப்பினர் அப்படியில்லை. அவர் வீட்டுப் பிள்ளையே ஹெல்மெட் இல்லாமல் போனால் டீக்கடை சும்மா விடாது. அந்தக் கூச்சத்தின் விலை ஆயிரம் ரூபாயைவிட அதிகம். கொம்யூன் தேர்தலை நடத்திப் பாருங்கள். அடுத்த பொங்கலுக்குள் பாகூரில் வெறுந்தலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.